கார்சினாய்டு நோயாளிகளுக்கு இதயப் பரிசோதனை தேவை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாரடைப்பு, நீரிழிவு பற்றியெல்லாம் நம் நாளிதழில் அடிக்கடி படிக்கிறோம். ஆனால், குடலில் தோன்றும் ஒரு கட்டி இதய வால்வைக் கெடுக்கக்கூடும் என்பதை, என் அக்காவுக்கு அந்நிலை வரும்வரை எங்கள் வீட்டில் எவரும் கேள்விப்பட்டதில்லை.

கார்சினாய்டு எனப்படும் இக்கட்டி பெரும்பாலும் மெதுவாக வளரும். சிறுகுடலில் தோன்றுபவற்றில் பல செரடோனின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. கல்லீரல் அதைச் சிதைத்துவிடுவதால் தொடக்கத்தில் தொல்லை அதிகம் தெரியாது. கட்டி கல்லீரலுக்கே பரவிய பிறகு, சிதையாத செரடோனின் நேராக இதயத்தின் வலப்பக்கத்தை அடைந்து, அங்குள்ள மூவிதழ் வால்வையும் நுரையீரல் தமனி வால்வையும் தடிக்கச் செய்து, சரியாகத் திறக்கவோ மூடவோ இயலாதபடி விறைக்க வைக்கிறது. நுரையீரல் அப்பொருளைப் பெருமளவு முறித்துவிடுவதால் இடப்பக்க வால்வுகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன.

இந்நோய்க்கு முகம் சிவத்தல் என்று கையேடுகள் சொல்லும் அறிகுறி நம்மைப் போன்ற மாநிறத்தவரிடம் எளிதில் கண்ணுக்குத் தெரிவதில்லை. முகமும் கழுத்தும் திடீரெனச் சூடேறுவதாகத்தான் அக்கா சொல்வார். மாதவிடாய் நிற்கும் வயது என்றார்கள் உறவினர்கள். அவருக்கு இருந்த வயிற்றுப்போக்குக்குக் காரச் சாப்பாட்டைக் காரணம் காட்டினார்கள். மாலையில் செருப்பைக் கழற்றினால், வார் அழுந்திய தடம் புறங்காலில் குழியாகவே நிற்கத் தொடங்கிய பின்னர்தான் எக்கோ எனப்படும் இதய ஒலியலைப் பரிசோதனை எடுக்கப்பட்டது.

கார்சினாய்டு கல்லீரலுக்குப் பரவியவர்கள் கால்வீக்கமும் மூச்சிரைப்பும் வரட்டும் என்று காத்திராமல், எக்கோவும் இதயத்தின் சுமையைக் காட்டும் என்டி-புரோபிஎன்பி என்ற இரத்தப் பரிசோதனையும் தமக்கு எப்போது செய்யப்படும் என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். ஆக்ட்ரியோடைட் போன்ற ஊசிமருந்துகள் செரடோனின் சுரப்பைக் குறைத்தாலும், தடித்துவிட்ட வால்வை அவை பழைய நிலைக்குக் கொண்டுவருவதில்லை. கடுமையாகப் பழுதடைந்தால் வால்வு மாற்று அறுவை சிகிச்சைதான் வழி. அதையும் இதயம் தளர்ந்துபோகும் முன்னரே முடிவு செய்தாக வேண்டும்.

இந்நோய்க்காக, செரடோனின் சிதைந்து வெளியேறும் பொருளை அளக்க, 24 மணி நேரச் சிறுநீரைச் சேகரித்துச் செய்யும் பரிசோதனை ஒன்றும் உண்டு. அதற்கு முன் செரடோனின் உள்ள வாழைப்பழம், அன்னாசி, தக்காளி, வால்நட் முதலியவற்றைத் தவிர்க்க வேண்டும். கோயில் பிரசாதமாக வரும் வாழைப்பழமும் ரசத்தில் கரைத்த தக்காளியும்கூட முடிவைக் குழப்பலாம் என்பது, ஆங்கிலக் கையேட்டை வைத்துக்கொண்டு திணறும் நம் முதியவர்களுக்கு எப்படித் தெரியும்? மருத்துவமனைகள் இக்குறிப்புகளைத் தமிழிலும் அச்சிட்டுத் தர வேண்டும். தேசிய இருதய நிலையம், தேசியப் புற்றுநோய் நிலையம் ஆகியவற்றின் நிபுணர்களிடம் கேட்டு, தங்கள் நாளிதழ் இதுகுறித்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி, உட்லண்ட்ஸ், சிங்கப்பூர்