பிள்ளைகள் பள்ளிக்கு வந்து போகும் வழி குறித்துப் பெற்றோருக்கு

அன்புடைய பெற்றோருக்கும் பாதுகாவலர்களுக்கும் வணக்கம்.

இந்தக் கடிதம் மதிப்பெண்ணைப் பற்றியதன்று. உங்கள் வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரைக்கும், மாலையில் பள்ளி வாசலிலிருந்து வீடு வரைக்கும் பிள்ளைகள் வந்து போகும் வழியைப் பற்றியது. சென்ற மாதம் நானும் ஆசிரியர்கள் இருவரும் ஆளுக்கொரு தடத்தைப் பிரித்துக்கொண்டு, பிள்ளைகள் கிளம்பும் இடத்திலிருந்தே அவர்களோடு பள்ளிக்கு வந்து பார்த்தோம். இத்தனை ஆண்டுகள் வருகைப் பதிவேட்டில் மட்டும் பார்த்த ஒன்றை நேரில் பார்த்தபோது, முன்பே செய்திருக்க வேண்டிய வேலை இது என்று தோன்றியது. பார்த்ததையும், அதன் பேரில் பள்ளி மேலாண்மைக் குழு எடுத்துள்ள முடிவுகளையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

நான் ஏறியது சிப்காட் தொழிற்பேட்டைப் பக்கமிருந்து வரும் வேனில். காலை 7.20 மணிக்கு முதல் நிறுத்தத்தில் ஆறாம் வகுப்பு மாணவன் ஒருவன் ஏறினான். உட்கார்ந்ததும் பையைத் திறந்து, மதியத்துக்கென்று கட்டிக் கொடுத்த தக்காளிச் சோற்றில் பாதியை அங்கேயே சாப்பிட்டான். கேட்டதற்கு, அம்மா ஆறு மணி ஷிப்டுக்குப் போய்விடுவார் என்றும், வீட்டில் தனியாகச் சாப்பிடப் பிடிக்காது என்றும் சொன்னான். பிறகு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டான். ஒவ்வொரு வேகத்தடையிலும் அந்தத் தலை கம்பியில் இடித்துக்கொண்டே வந்தது. பள்ளிக்கு வந்து சேர்ந்தபோது மணி 8.40. மாலையில் அதே வேன் வந்த வழியே திரும்பியது. காலையில் கடைசியாக ஏறிய பிள்ளை பத்து நிமிடத்தில் வீட்டில் இறங்கிவிட, இவன் இறங்கியபோது மணி 5.35. முதலில் ஏறியவனே கடைசியிலும் இறங்குகிறான். ஒரு நாளைக்கு இரண்டரை மணி நேரத்துக்கு மேல் வேனிலேயே போகிறது. அவன் வகுப்பில் தூங்குகிறான் என்று அவனுடைய வகுப்பாசிரியர் என்னிடம் இருமுறை சொல்லியிருந்தார். காரணத்தை நாங்கள் வகுப்பறைக்குள்ளேயே தேடிக்கொண்டிருந்தோம்.

அந்த வேனின் தடம் ஏறக்குறைய வட்டமாக அமைந்திருக்கிறது. ஆகவே மாலையிலும் வேன் காலையில் ஓடும் அதே திசையில் ஓட வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறோம். காலையில் முதலில் ஏறுபவர் மாலையில் முதலில் இறங்குவார். காலையில் கடைசியில் ஏறுபவர் மாலையில் கடைசியில் இறங்குவார். நாள் முழுவதற்குமாகக் கணக்குப் பார்த்தால் எல்லாப் பிள்ளைகளுக்கும் பயண நேரம் ஏறத்தாழ ஒன்றாகிவிடும். டீசல் செலவும் கூடாது. இதனால் பள்ளிக்கு அருகில் உள்ள நிறுத்தங்களின் பிள்ளைகள் மாலையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் வேனில் இருக்க நேரும். அந்தப் பெற்றோரின் வருத்தத்தை நான் குறைத்து மதிக்கவில்லை. ஆனால் அந்த நேரத்தை இதுவரை காலையிலும் மாலையிலும் ஒரே பிள்ளை தாங்கி வந்திருக்கிறான் என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டுகிறேன். வழி நீளமாக இருப்பதால் அவனுடைய வீட்டார் கட்டணமும் கூடுதலாகக் கொடுக்கிறார்கள். இனி நிறுத்தம் எதுவானாலும் கட்டணம் ஒன்றாக இருக்கலாமா என்பதைக் கூட்டத்தில் நீங்கள்தான் பேசி முடிக்க வேண்டும். ஒன்றாக இருப்பதே சரி என்பது என் கருத்து.

இன்னொன்றையும் அந்த வேனில் பார்த்தேன். இரண்டு ஊர்களில் வேன் ஊருக்குள் வந்து வீட்டு வாசலில் பிள்ளைகளை ஏற்றுகிறது. அவற்றில் ஓர் ஊரில், கிழக்குத் தெருப் பிள்ளைகள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்து வந்து நிற்கிறார்கள். அந்தத் தெருவில் சிமெண்ட் சாலை இருக்கிறது, வேன் திரும்பவும் இடம் இருக்கிறது. தெருவுக்குள் ஏன் போவதில்லை என்று நான் கேட்டபோது ஓட்டுநர் தம்பி தலையைக் குனிந்துகொண்டார். யாருடைய சொல்லுக்கு அவர் கட்டுப்பட்டார் என்பதை நானும் அதற்கு மேல் கேட்கவில்லை. அடுத்த திங்கட்கிழமை முதல் வேன் கிழக்குத் தெருவுக்குள் சென்று பிள்ளைகளை ஏற்றும். முன் இருக்கை இன்னாருக்கு, பின் இருக்கை இன்னாருக்கு என்ற வழக்கம் இருந்தால் அதுவும் அன்றோடு முடியும். இது பேசித் தீர்க்க வேண்டிய விஷயமன்று, பள்ளியின் முடிவு. இதை ஏற்க முடியாதவர் தம் பிள்ளையைத் தாமே அழைத்து வரலாம்.

பள்ளி வாகனங்களுக்கெனத் தமிழக அரசு 2012இல் சிறப்பு விதிகளைக் கொண்டு வந்தது. மஞ்சள் நிறம், உதவியாளர், அவசர வழி, முதலுதவிப் பெட்டி முதலியவை அவற்றில் உண்டு. கோடை விடுமுறையில் வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் பள்ளிப் பேருந்துகளை மைதானத்தில் வரிசையாக நிறுத்திச் சோதிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பெற்றோர் நாலைந்து பேர் சேர்ந்து பேசி அமர்த்திக்கொள்ளும் வேனை அந்த மைதானத்துக்கு யாரும் கொண்டு போவதில்லை. எனவே தகுதிச் சான்று, காப்பீடு, ஓட்டுநர் உரிமம் ஆகியவற்றின் நகல்களைப் பள்ளி அலுவலகத்தில் ஒப்படைத்த வண்டிகளுக்கு மட்டுமே பிள்ளைகளை மாலையில் அனுப்புவோம். இருக்கைக்கு மேல் ஒரு பிள்ளை கூட ஏறக்கூடாது. ஓட்டுநர் அருகே என்ஜின் மூடிமேல் பிள்ளையை உட்கார வைப்பதை எந்தக் காரணத்துக்காகவும் நாங்கள் அனுமதிக்க மாட்டோம்.

பேருந்தில் வரும் பிள்ளைகளின் கதை வேறு. அரசு தரும் இலவசப் பயண அட்டை அரசுப் பேருந்தில் மட்டுமே செல்லும். தனியார் பேருந்திலும் மினி பஸ்ஸிலும் செல்லாது. நம் பக்கத்தில் தனியார் பேருந்துகள் அதிகம் என்பதால், கையில் காசு உள்ள பிள்ளை முதலில் வரும் வண்டியில் ஏறிப் போய்விடுகிறது. அட்டை மட்டும் உள்ள பிள்ளை டவுன் பஸ்ஸுக்காக நிற்கிறது. எங்கள் கணித ஆசிரியை நின்று பார்த்த நிறுத்தத்தில், சீருடைக் கூட்டத்தைக் கண்ட பேருந்து நிறுத்தத்தைத் தாண்டி வெகு தூரம் போய் நின்றது. இரண்டு பேரை இறக்கிவிட்டு, பிள்ளைகள் ஓடிப்போய்ச் சேர்வதற்குள் நகர்ந்துவிட்டது. ஓடியவர்களில் ஒரு மாணவியின் செருப்பு வார் அறுந்துவிட, அதைக் கையில் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்து வந்தாள். பணிமனைக்கு எழுத்து மூலம் தெரிவித்துள்ளோம். உங்கள் பங்குக்கு, பேருந்து நிற்காமல் போனால் தேதி, நேரம், பேருந்தின் பதிவு எண் மூன்றையும் குறித்துப் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள். வெறுமனே நிற்பதில்லை என்று சொன்னால் அங்கே கேட்க ஆளில்லை. பதிவு எண்ணோடு பத்துக் கடிதம் போனால் பதில் சொல்லியாக வேண்டும். படிக்கட்டில் தொங்கி வருவதை மட்டும் எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள். அந்தப் பேருந்தை விட்டுவிட்டு அடுத்ததில் வரட்டும்.

அப்படி அடுத்ததில் வரும் பிள்ளையை இனிப் பள்ளி தண்டிக்காது. நான் இந்தப் பணிக்கு வந்த புதிதில், தாமதமாக வருபவர்களை வாசலுக்கு வெளியே வெயிலில் நிறுத்தியிருக்கிறேன். வீடு பக்கத்தில் உள்ளவர்கள் அங்கே அநேகமாக நின்றதில்லை. தூரத்துத் தோட்டத்துப் பிள்ளைகளே திரும்பத் திரும்ப நின்றார்கள். அதை நினைத்து இப்போது வருந்துகிறேன். பேருந்து தாமதமானால் பிள்ளை நேராக வகுப்புக்குப் போகலாம். விட்டுப்போன பாடத்தை மதிய இடைவேளையில் பாட ஆசிரியர் சொல்லிக் கொடுப்பார். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளின் மாலைச் சிறப்பு வகுப்பும் 5.15 மணிக்கு முடிந்துவிடும். 5.30 மணிப் பேருந்தை விட்டால் பிறகு இருட்டியபின்தான் பேருந்து என்று மாணவியர் சிலர் சிறப்பு வகுப்புக்கே வருவதில்லை என்பது எங்களுக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது.

பேருந்தில் கூட்டத்தைச் சாக்கிட்டு யாரேனும் தகாத முறையில் நடந்துகொண்டால், பிள்ளை அதை வீட்டில் சொல்லத் தயங்கக்கூடாது. சொன்னால் பள்ளியை நிறுத்திவிடுவார்கள் என்ற பயத்தாலேயே மாணவியர் வாய் திறப்பதில்லை. தயவுசெய்து, சொன்ன பிள்ளையை வீட்டில் உட்கார வைக்காதீர்கள். எங்களிடம் வந்து சொல்லுங்கள். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும், பள்ளிக் கல்வித் துறையின் 14417 என்ற எண்ணும் வகுப்பறைச் சுவர்களில் எழுதப்பட்டுள்ளன.

நடந்தும் சைக்கிளிலும் வருபவர்களைப் பற்றி. சாளைகளிலிருந்து, அதாவது தோட்டத்து வீடுகளிலிருந்து, வரும் பிள்ளைகள் இட்டேரி வழியாகத்தான் மெயின் ரோட்டை எட்ட வேண்டியிருக்கிறது. இருபுறமும் கிளுவை வேலி, நடுவில் ஒரு வண்டித்தடம், மழை பெய்தால் முழங்கால் சேறு, அவிழ்த்துவிட்ட நாய்கள். தனியாக வரும் பிள்ளை பயப்படுவதில் வியப்பில்லை. ஒவ்வோர் இட்டேரிக்கும் பெரிய வகுப்பு மாணவர் ஒருவரைப் பொறுப்பாக்கி, குறித்த நேரத்தில் எல்லோரும் சேர்ந்து வரும்படி ஏற்பாடு செய்கிறோம். தோட்டத்துக்காரர்கள் காலை 8 முதல் 9 வரையிலும், மாலை 4 முதல் 6 வரையிலும் நாய்களைக் கட்டி வைத்தால் பேருதவியாக இருக்கும்.

கீழ்பவானி வாய்க்காலில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் தண்ணீர் திறந்துவிடுவார்கள். இன்னும் சில நாட்களே உள்ளன. கோடை முழுக்க வறண்டு கிடந்த வாய்க்காலுக்குள் இறங்கி நடந்து குறுக்கு வழியில் வந்து பழகிய பிள்ளைகளுக்கு, தண்ணீர் வந்தபின்னும் கால் அந்தப் பக்கமே இழுக்கும். கான்கிரீட் போட்ட கரையில் பாசி பிடித்துவிட்டால் நீச்சல் தெரிந்தவர்களுக்கும் மேலேறப் பிடி கிடைக்காது. தண்ணீர் நிற்கும் வரை வாய்க்கால் மேட்டு வழி வேண்டாம். பாலத்து வழியாகச் சுற்றி வரட்டும். இதை நாங்கள் வகுப்பில் சொல்வதைவிட வீட்டில் தாத்தா பாட்டி சொன்னால் பிள்ளைகள் கேட்கும்.

பதினோராம் வகுப்பில் தரப்படும் விலையில்லா மிதிவண்டி 2001-02இல் ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவியருக்கெனத் தொடங்கி, 2005-06இல் எல்லோருக்குமானது. தோட்டத்துப் பிள்ளைகள், குறிப்பாக மாணவியர், பன்னிரண்டாம் வகுப்பு வரை வந்ததில் அந்த வண்டிக்குப் பெரிய பங்குண்டு என்பதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன். அதை விற்றுவிடாதீர்கள், அண்ணன் வேலைக்குப் போக எடுத்துக்கொள்ளவும் விடாதீர்கள். பின்புறம் ஒட்டுவதற்கு ஒளிரும் பட்டை பள்ளியில் தருகிறோம்.

மோட்டார் வண்டியைப் பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதில் பேச்சுக்கு இடமில்லை. மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின், 18 வயது நிறையாத பிள்ளை வண்டி ஓட்டிக் குற்றத்துக்கு உள்ளானால், வண்டி கொடுத்த பெற்றோருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. அந்தப் பிள்ளை 25 வயது வரை உரிமம் பெற முடியாது. மாணவர் ஓட்டி வரும் வண்டியைப் பள்ளிக்கு அருகில் எங்கு நிறுத்தியிருந்தாலும், பெற்றோரை வரவழைத்து ஒப்படைப்போம். நீங்களே அழைத்து வந்தாலும், ஓட்டுபவர் போக ஒருவர்தான் ஏறலாம். அந்தப் பிள்ளைக்கும் தலைக்கவசம் வேண்டும். டிவிஎஸ் எக்ஸ்எல்லில் முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு என்று தகப்பன்மார் வருவதைத் தினமும் பார்க்கிறேன். அவசரம் புரிகிறது, ஆனால் சிப்காட்டுக்குப் போகும் லாரிகளுக்கு நடுவே அப்படி வருவதைப் பார்க்க நெஞ்சு படபடக்கிறது.

பள்ளி வாசலில் காலையில் சேரும் வண்டிகளுக்கு இடையே புகுந்துதான் நடந்து வரும் பிள்ளைகள் உள்ளே வர வேண்டியிருக்கிறது. அடுத்த திங்கள் முதல் எல்லா வண்டிகளும் மாரியம்மன் கோயில் மைதானத்திலேயே பிள்ளைகளை இறக்கிவிட வேண்டும். அங்கிருந்து வாசல் வரை ஆசிரியர்கள் நிற்பார்கள். கார், என் இருசக்கர வண்டி உள்பட எதற்கும் விலக்கில்லை. நடக்க இயலாத மாணவர்கள் இருவரின் வண்டிகள் மட்டும் வாசல் வரை வரும். மாலையில் 4.15க்கு நடப்பவர்கள், சைக்கிள்காரர்கள், பேருந்துப் பிள்ளைகள் முதலில் வெளியேறுவார்கள்; வேனிலும் பெற்றோரின் வண்டியிலும் போகிறவர்கள் ஐந்து நிமிடம் கழித்து.

இவற்றைப் பேசி முடிக்க வரும் ஞாயிற்றுக்கிழமை காலை 10 மணிக்குப் பள்ளியில் கூட்டம் நடைபெறும். காலை ஷிப்டில் இருப்பவர்களுக்காக அன்று மாலை 6 மணிக்கு மீண்டும் ஒரு கூட்டம் உண்டு. இரண்டில் எதற்கு வந்தாலும் கையெழுத்தும் கருத்தும் ஒன்றாகவே கணக்கில் கொள்ளப்படும். வடமாநிலத்திலிருந்து வந்து குடியிருக்கும் குடும்பத்துப் பிள்ளைகளும் நம் பள்ளியில் படிக்கிறார்கள். உங்கள் பக்கத்து வீட்டில் அப்படி யாரேனும் இருந்தால், இந்தக் கடிதத்தில் உள்ளதை அவர்களுக்கு எடுத்துச் சொல்லி, முடிந்தால் கையோடு அழைத்து வாருங்கள்.

கீழே உள்ள துண்டுச் சீட்டில், பிள்ளை எதில் வருகிறது, எத்தனை மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புகிறது, எத்தனை மணிக்கு வீடு திரும்புகிறது, வழியில் எந்த இடத்தை நினைத்தால் உங்களுக்குப் பயமாக இருக்கிறது என்ற நான்கையும் எழுதி, வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். எழுதத் தெரியாதவர்கள் பிள்ளையிடம் சொல்லி எழுத வைத்துக் கைநாட்டு வைத்தால் போதும்.

இங்ஙனம்,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்