பக்கத்து லேனில் ஆள் இல்லாத பந்தயம்: என் பி.டி. சாருக்கு ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய சார் அவர்களுக்கு,

வணக்கம். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கின் பெண்கள் ஜயன்ட் ஸ்லாலம் பந்தயத்தை, அதாவது பனிச்சரிவில் ஒவ்வொருத்தியாக வளைந்து வளைந்து இறங்கும் பனிச்சறுக்குப் பந்தயத்தை, நான் அனுப்பிய பதிவில் பார்த்துவிட்டு நீங்கள் சொன்ன ஒரு வார்த்தைக்கு இந்தக் கடிதத்தில் பதில் எழுதுகிறேன். "பக்கத்தில் ஒருத்தியும் ஓடாமல் கடிகாரத்தோடு மட்டும் ஓடினால் அது பரீட்சை, அதைப் பந்தயம் என்று எப்படிச் சொல்வது?" என்று கேட்டீர்கள். மூணாறு எஸ்டேட் லயங்களிலிருந்து எங்களைச் சப்-ஜில்லா மீட்டுக்கும் ரெவன்யூ ஜில்லா மீட்டுக்கும் அழைத்துப் போய், பக்கத்து லேனில் வருகிறவளின் காலடிச் சத்தத்தைக் கேட்டே வேகத்தைக் கூட்டப் பழக்கியவர் நீங்கள். ஆகவே உங்களுக்கு அப்படித் தோன்றியது இயல்புதான். ஆனால் என்னால் அதை ஒப்புக்கொள்ள முடியவில்லை. அந்தப் பெண்கள் ஒருவரோடொருவர் நேருக்கு நேர் மோதுகிறார்கள் என்றும், அந்த மோதல் நடக்கும் இடம் அவர்கள் காலுக்குக் கீழே இருக்கும் பனி என்றும் உறுதியாக நம்புகிறேன். உங்களிடம் ஓடப் பழகிய மற்றவர்களும் இதே கேள்வியை என்னிடம் கேட்டிருப்பதால், உங்கள் அனுமதியோடு எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

விதிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ஒலிம்பிக்கில் இந்தப் பந்தயத்துக்கான சரிவு, தொடங்கும் இடத்துக்கும் முடியும் இடத்துக்கும் இடையே 300 முதல் 400 மீட்டர் வரை உயர வேறுபாடு உள்ளதாக இருக்கும். சிவப்பும் நீலமுமாக மாறி மாறி, ஐம்பதுக்குச் சற்று முன்பின்னாகக் கம்புகளால் ஆன வாயில்கள் நடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் முறைப்படி கடந்தாக வேண்டும். ஒன்று தவறினாலும் வீராங்கனை பந்தயத்திலிருந்து வெளியேறிவிடுகிறாள். இரண்டு முறை இறங்கி, இரண்டு நேரங்களையும் கூட்டி, குறைந்த நேரம் எடுத்தவளுக்குத் தங்கம் தருகிறார்கள். முதல் இறக்கம் முடிந்ததும் வாயில்களைப் பிடுங்கிவிட்டு, அதே சரிவில் வேறொரு பயிற்சியாளர் வேறு விதமாக நடுவார். ஒத்திகை ஓட்டம் எதுவும் கிடையாது. பந்தயத்துக்கு முன் பாதையோரமாக மெதுவாகச் சறுக்கி இறங்கி, ஒவ்வொரு வாயிலின் அருகிலும் நின்று பார்த்துக்கொள்ளலாம். அந்த நேரத்தில் பாதைக்குள் புகுந்து ஓடிப் பார்த்தால் தகுதி நீக்கம். தொடங்கும் இடத்தில் அவர்கள் கண்களை மூடிக்கொண்டு கையை இடமும் வலமுமாக அசைத்துக்கொண்டிருந்ததை நீங்கள் கவனித்திருப்பீர்கள். ஐம்பது திருப்பங்களையும் மனத்துக்குள் வரிசையாக ஓட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் சார். ஒரு திருப்பத்தை நினைவில் தவறவிட்டால் அடுத்ததற்குத் தாமதமாகிறது. அந்தத் தாமதம் அதற்கடுத்த வாயிலில் இன்னும் வளர்கிறது. வாயிலை நெருங்கிய பிறகு திரும்புகிறவள் வேகத்தை இழப்பாள், வாயிலுக்கு மேலேயே திருப்பத்தைத் தொடங்கி அதைக் கடக்கும்போது அடுத்ததை நோக்கி நிற்பவள் வெல்வாள்.

இனிப் பனியைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனி என்றதும் நமக்கு ஜனவரியில் செண்டுவாரைப் பக்கம் புல்மேல் வெள்ளையாகப் படிந்து, தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிட்டு, வெயில் ஏறியதும் காணாமல் போகும் உறைபனிதான் நினைவுக்கு வருகிறது. பந்தயப் பனி அப்படிப்பட்டது அன்று. பெரிய பந்தயங்களுக்குச் சரிவுக்குள் நீரைச் செலுத்தி உறைய வைத்து, கிட்டத்தட்டப் பனிக்கட்டியாகவே இறுக்கிவிடுகிறார்கள். முதலில் இறங்குகிறவளுக்கும் முப்பதாவதாக இறங்குகிறவளுக்கும் தரை கூடுமானவரை ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். பெய்ஜிங்கை அடுத்த யான்சிங்கில் சரிவு முழுவதும் இயந்திரங்களால் உண்டாக்கிய பனி. அங்கே காற்று வறண்டது, குளிர் கடுமையானது, தரை மிக இறுக்கமாக இருந்தது.

அப்படியிருந்தும் தரை மாறத்தான் செய்கிறது. காலில் பூட்டிய சறுக்குப் பலகையான ஸ்கீயின் ஓரத்தில் பதித்திருக்கும் கூரிய எஃகு விளிம்பின் மேல் உடல் எடை முழுவதும் இறங்கும்போது, ஒவ்வொரு திருப்பத்திலும் பனி அறுபடுகிறது. அடுத்தவளும் ஏறக்குறைய அதே கோட்டில் வருவதால் அந்தக் கீறல் பள்ளமாகிறது. பத்து, இருபது பேர் இறங்கிய பின் வாயிலின் அடியில் சால் விழுந்துவிடுகிறது. பணியாளர்கள் இடையிடையே சறுக்கி வந்து சமப்படுத்தினாலும் முழுவதும் சரிசெய்ய முடிவதில்லை. மழையில் ஊறிய நம் மண் மைதானத்தில் உள் லேன் சேறாகிப்போக, கடைசி ஹீட்டில் ஓடிய எங்களிடம் "முன்னால் ஓடியவர்களின் கால் போன இடத்தைப் பார்த்துக் காலை வை" என்று நீங்கள் சொன்னது நினைவிருக்கும். அந்த அறிவுரைதான் இந்தப் பந்தயத்தின் உயிர். முன்னால் போனவள் விட்டுச்சென்ற தடத்தின் மேல்தான் பின்னால் வருகிறவள் தன் கோட்டைத் தேட வேண்டும். அவளோடு ஒட்டிப் போவதா, அதற்கு வெளியே ஒரு முழம் தள்ளிப் புதுப் பனியைப் பிடிப்பதா என்பதை ஒரு நொடிக்கும் குறைந்த நேரத்தில் முடிவு செய்ய வேண்டும். எதிராளி அவள் கண்ணுக்குத் தெரிவதில்லை. காலுக்கு ஒவ்வொரு வாயிலிலும் தெரிகிறாள்.

புறப்படும் வரிசையும் இந்த மோதலைக் கருத்தில் கொண்டே வகுக்கப்பட்டிருக்கிறது. முதல் இறக்கத்தில் தரவரிசையில் முன்னிற்கும் பதினைந்து பேருக்குள் குலுக்கல் போட்டு, அவர்களை முதலில் விடுகிறார்கள். கெடாத பனி அவர்களுக்குக் கிடைக்கிறது. இரண்டாவது இறக்கத்தில் முதல் முப்பது இடங்களைத் தலைகீழாக்கி விடுகிறார்கள். முப்பதாவது இடத்தில் இருந்தவள் முதலில் இறங்குவாள். முன்னிலையில் இருப்பவள் மற்ற இருபத்தொன்பது பேரும் இறங்கி முடிக்கும்வரை மேலே காத்திருந்துவிட்டு, அவர்கள் அறுத்துப்போட்ட பாதையில் அந்த முப்பது பேரில் கடைசியாக இறங்குவாள். முதல் பாதியில் நல்ல தரையின் பயனைப் பெற்றவள், மறு பாதியில் அதற்கு ஈடு கொடுக்கிறாள். இவ்வளவு பட்டவர்த்தனமாக நியாயம் செய்யும் விதி வேறு எந்த விளையாட்டில் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை.

இந்த ஏற்பாடு முதலிலிருந்தே இருந்ததில்லை. 1952 ஒலிம்பிக்கில் இந்தப் போட்டி பெண்களுக்கு முதன்முதலாக நடந்தபோது ஒரே ஓர் இறக்கம்தான். ஓஸ்லோவுக்கு வெளியே நோரெஃபியெல் மலையில், தொடக்க விழாவுக்கு முந்தைய நாளே நடந்த அந்தப் பந்தயத்தில் அமெரிக்காவின் ஆண்ட்ரியா மீட் லாரன்ஸ் 19 வயதில் தங்கம் வென்றார். 1976 இன்ஸ்ப்ரூக்கில் என்ன நடந்தது என்பதை மட்டும் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் உங்கள் கேள்விக்கு அதுவே நேரடியான விடை. மேற்கு ஜெர்மனியின் ரோசி மிட்டர்மையர் டவுன்ஹில், ஸ்லாலம் என்ற வேறு இரண்டு பனிச்சறுக்குப் போட்டிகளிலும் ஏற்கெனவே தங்கம் வென்றுவிட்டு, மூன்றாவது தங்கத்துக்காக இறங்கினார். அன்று முதல் ஆளாகப் புறப்பட்டவர் கனடாவின் கேத்தி கிரெய்னர். யாருடைய தடமும் இல்லாத பனியில் அவர் வைத்த நேரத்தைப் பின்னால் வந்த எவராலும் முந்த முடியவில்லை, மிட்டர்மையர் 0.12 வினாடியில் தோற்றார். கிரெய்னரின் திறமையைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் ஒரே இறக்கம் என்றால் புறப்படும் வரிசையில் எந்த எண் கிடைத்தது என்பதற்கு எவ்வளவு எடை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். அடுத்த ஒலிம்பிக்கிலிருந்து, அதாவது 1980 லேக் பிளாசிடிலிருந்து, பெண்களுக்கும் இரண்டு இறக்கங்கள் ஆயின.

நீங்கள் பார்த்த பதிவுக்கு வருகிறேன். 2022 பிப்ரவரி 7. நான்கு ஆண்டுகளுக்கு முன் பியாங்சாங்கில் இதே போட்டியில் தங்கம் வென்ற மிக்கேலா ஷிஃப்ரின், தொடக்கத்துச் சில வாயில்களிலேயே சறுக்கி விழுந்து வெளியேறினார். "நாலு வருஷப் பயிற்சி சில நொடியில் போய்விட்டதே" என்று நீங்கள் வருந்தியது எனக்கும் வருத்தமே. ஆனால் அந்த இறுகிய தரையில், விளிம்பு ஒரு கணம் பிடி விட்டால் மீட்டுக்கொள்ள இடமே இல்லை. சுவீடனின் சாரா ஹெக்டர் முதல் இறக்கத்தில் முன்னிலை பெற்றார். அவர் 2014 டிசம்பரில் கூஹ்தையில் தம் முதல் உலகக் கோப்பை வெற்றியைப் பெற்றவர். பிறகு முழங்கால் காயத்தால் நெடுங்காலம் அவதிப்பட்டு, இரண்டாவது வெற்றிக்கு 2021 டிசம்பர் வரை ஏழு ஆண்டுகள் காத்திருந்தவர். அப்படிப்பட்டவர், கீழே ஒவ்வொருத்தியாக நேரம் வைத்துக்கொண்டிருக்க, முதல் முப்பது பேரில் கடைசி ஆளாக மேலே நின்றார். அங்கே அவருக்குக் கிடைத்த தகவல் இவ்வளவுதான்: எந்த வாயிலில் சால் ஆழமாகிவிட்டது, எங்கே வழுக்குகிறது என்று கீழிருந்து பயிற்சியாளர்கள் வானொலிக் கருவியில் சொல்வது. இத்தாலியின் ஃபெடெரிக்கா பிரிஞ்ஞோனேயை அவர் 0.28 வினாடியில் வென்றார். மணிக்கு 60 கிலோமீட்டர் என்று வைத்துக் கணக்கிட்டால் அது நான்கரை மீட்டருக்குச் சற்று அதிகம். ஓட்டப் பந்தயத்தில் என்றால் நீங்கள் எழுந்து நின்று கத்தியிருப்பீர்கள். மூன்றாவதாக வந்தவர் சுவிட்சர்லாந்தின் லாரா குட்-பெஹ்ராமி.

அதே இரண்டாவது இறக்கத்தில், முதல் பாதியில் ஆறாவது இடத்தில் இருந்த அமெரிக்காவின் நீனா ஓ'பிரையன் முடிவுக் கோட்டை ஒட்டி நிலைதவறி விழுந்து காலை முறித்துக்கொண்டார். பதிவை அந்த இடத்தில் நிறுத்திவிட்டதாகச் சொன்னீர்கள். அடுத்த ஆண்டே உலக சாம்பியன் போட்டியின் கலப்பு அணிப் பிரிவில் தங்கம் வென்ற அமெரிக்க அணியில் அவர் இருந்தார் என்பதை உங்களுக்குச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

இன்னொன்றும் உரிமையோடு கேட்கிறேன். தந்தைவழியில் தலைச்சேரிக்காரரும் மணாலிப் பக்கம் வளர்ந்தவருமான சிவ கேசவன், 1998 முதல் 2018 வரை ஆறு குளிர்கால ஒலிம்பிக்குகளில் லூஜ் என்ற பனிச்சறுக்கு வண்டியில் தனியாகத்தான் சறுக்கினார். அவரை நம் மலையாளி வீரர் என்று அசெம்பிளியில் பெருமையோடு சொன்னவர் நீங்களே. அவருடைய பக்கத்திலும் யாரும் வரவில்லையே சார்?

ஒரு விஷயத்தில் மட்டும் நான் உங்கள் பக்கம் நிற்கிறேன். தலைகீழாக்கும் விதி முதல் முப்பது பேருக்கே பொருந்துகிறது. தரவரிசையில் பின்தங்கிய நாடுகளின் பெண்கள் முதல் இறக்கத்திலும் பின்னால், இரண்டாவது இறக்கத்திலும் பின்னால் என்று இரண்டு முறையும் கெட்ட தரையிலேயே இறங்குகிறார்கள். 2006 டூரினில் இந்தியாவுக்காக இந்தப் பந்தயத்தில் இறங்கிய நேஹா அஹுஜாவும் அப்படிப் பின்னால் புறப்பட்டவர்தான். பனி நாடுகளில் நிறையப் பந்தயங்களில் கலந்துகொண்டால்தான் தரவரிசையில் முன்னேற முடியும். முன்னேறினால்தான் நல்ல தரை கிடைக்கும். இந்தச் சுற்றை உடைக்க, முப்பதுக்குப் பிந்தையவர்களையும் இரண்டாவது இறக்கத்தில் தமக்குள் தலைகீழாக விடலாம் என்பது என் கருத்து. அவர்களுக்குப் பதக்கம் கிடைக்காது. ஆனால் தங்களுக்குள் ஒரு நேர்மையான போட்டியாவது கிடைக்கும்.

பதிவை மறுபடி பாருங்கள் சார். இந்த முறை முகங்களையும் கடிகாரத்தையும் விட்டுவிட்டு, இரண்டாவது இறக்கத்தில் கடைசிப் பத்துப் பதினைந்து வாயில்களின் அடியை மட்டும் பாருங்கள். முதலில் வருகிறவளுக்கு அந்த இடம் எப்படி இருக்கிறது, ஹெக்டர் வரும்போது எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுவிட்டு, உங்கள் கருத்தை எனக்கு எழுதுங்கள்.

என்றும் அன்புடனும் மரியாதையுடனும்,
உங்களிடம் 400 மீட்டர் ஓடப் பழகிய மாணவி