டைப்-சி போர்ட் இருந்தும் சார்ஜ் ஏறாத சமையலறைக் கருவிகள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பூண்டு நறுக்கி, பால் நுரைப்பான், மிளகு அரைப்பான் என்று பேட்டரியில் ஓடும் மலிவான சமையலறைக் கருவிகள் பலவற்றில் இப்போது டைப்-சி சார்ஜிங் போர்ட்தான் இருக்கிறது. வாங்கியவர் கைப்பேசிக்கான புதிய சார்ஜரை எடுத்து, இரு முனையிலும் டைப்-சி உள்ள கேபிளால் இணைக்கிறார், விளக்கு எரிவதில்லை. வேறு சார்ஜரில் போட்டாலும் எரிவதில்லை. பேட்டரி போய்விட்டது என்று முடிவுகட்டிக் கருவியைத் தூக்கி எறிந்துவிடுகிறார். மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் தொழிலில் இருக்கும் என்னிடம் இப்படி வந்து சேர்ந்தவற்றுள் பலவற்றில் பேட்டரியும் மோட்டாரும் நன்றாகவே இருந்தன என்பதால்தான் இதை எழுதுகிறேன்.

பழைய அகலமான டைப்-ஏ போர்ட்டில் எப்போதும் 5 வோல்ட் இருந்துகொண்டே இருக்கும். டைப்-சி சார்ஜர் அப்படியல்ல. எதிர்முனையில் மின்சாரம் வாங்கும் கருவி ஒன்று இருக்கிறது என்று உறுதியாகும் வரை அது மின்சாரத்தை வெளியே விடாது. அந்த உறுதியைத் தருவது கருவிக்குள் இருக்க வேண்டிய 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு. மலிவான கருவிகளின் தயாரிப்பாளர்கள் பலர் அவற்றை வைக்காமல் விட்டுவிட்டு, பெட்டியில் டைப்-ஏ முனை கொண்ட குட்டைக் கேபிள் ஒன்றைப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அந்தக் கேபிள் இருக்கும் வரை குறை வெளியே தெரிவதில்லை. அது தொலைந்த நாளில்தான் கருவி 'பழுதாகிறது'.

அண்மையில் பூண்டு நறுக்கி ஒன்றின் அடிமூடியைக் கழற்றிப் பார்த்தேன். போர்ட்டின் ஆறு கால்களில் மின்சாரம் வரும் இரண்டும் எர்த் இரண்டும் பலகையோடு இணைக்கப்பட்டிருந்தன. சார்ஜரோடு பேச வேண்டிய மற்ற இரண்டு கால்களுக்கும் ஈயம் வைத்திருந்தார்கள். ஆனால் அங்கிருந்து ஒரு செம்புக் கோடுகூடப் புறப்படவில்லை. குண்டூசித் தலையளவு மின்தடைகள் இரண்டை ஒவ்வொரு காலுக்கும் ஒன்றாக வைத்து எர்த்தோடு பற்றவைத்ததும், அதுவரை அசையாதிருந்த அதே சார்ஜரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இரண்டு காலுக்கும் தனித்தனி மின்தடை வேண்டும் என்பது முக்கியம். 2019-இல் வெளிவந்த ராஸ்பெர்ரி பை 4 என்ற சிறு கணினியின் முதல் பலகையில் இரண்டுக்கும் பொதுவாக ஒன்றையே வைத்திருந்ததால், சிப் பொதிந்த கேபிள்களில் அது மின்சாரம் பெறாமல் போய், பின்னர் திருத்தப்பட்டது.

ஈயம் பற்றவைக்கத் தெரியாதவர்கள் முதலில் செய்ய வேண்டியது எளிது: ஒரு முனையில் டைப்-ஏயும் மறுமுனையில் டைப்-சியும் உள்ள கேபிளைப் பழைய சார்ஜரில் போட்டுப் பாருங்கள். பழைய சார்ஜர் இல்லையென்றால், கைப்பேசியில் பென்டிரைவ் செருக உதவும் ஓடிஜி அடாப்டரைப் புதிய சார்ஜரின் கேபிள் முனையில் அல்ல, சார்ஜரின் துளையிலேயே செருகி, அதில் இந்தக் கேபிளை இணைக்கலாம். முறையாகச் செய்த அடாப்டருக்குள் அந்த மின்தடை இருக்கும். பெரிய வாட் சார்ஜர் சிறு கருவியை எரித்துவிடும் என்ற அச்சம் வேண்டாம். கருவி கேட்காத வரை சரியான சார்ஜர் 5 வோல்ட்டுக்கு மேல் தராது.

அப்படியும் விளக்கு எரியாவிட்டால் போர்ட்டுக்குள் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். மாவும் எண்ணெய்ப் பிசுக்கும் அடியில் இறுகியிருந்தால் கேபிள் முழுதாக உள்ளே இறங்காது. மரப் பல்குச்சியால் மெல்லச் சுரண்டலாம், ஊசியோ கத்தி முனையோ கூடாது. கழுவிய ஈரம் இருந்தால் நன்றாகக் காயும் வரை செருகவே கூடாது. மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த கருவியின் லித்தியம் பேட்டரி மிகவும் இறங்கிப்போயிருக்கும் என்பதால், கண்பார்வையில் வைத்து அரை மணி நேரமாவது பொறுத்துப் பாருங்கள். பவர் பேங்கில் சோதிக்க வேண்டாம், மிகக் குறைந்த மின்சாரம் இழுக்கும் கருவியென்றால் பல பவர் பேங்குகள் தாமாகவே அணைந்துவிடும். பேட்டரி உப்பியிருந்தாலோ கருவியின் உடல் சூடேறினாலோ சோதனையை அத்தோடு நிறுத்திவிட வேண்டும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024 டிசம்பர் 28 முதல் கைப்பேசி, டேப்லெட், ஹெட்போன் முதலியவற்றுக்கு டைப்-சியைக் கட்டாயமாக்கியது. அந்தப் பட்டியலில் சமையலறைக் கருவிகள் இல்லை. இரண்டு மின்தடைகளுக்கு ஆகும் செலவு மிக மிக அற்பம். அதை மிச்சம் பிடிப்பதற்காக நல்ல பேட்டரியும் நல்ல மோட்டாரும் குப்பைக்குப் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. தயாரிப்பாளர்கள் மின்தடைகளை வைக்க வேண்டும். வைக்காதவரை 'டைப்-ஏ கேபிளில் மட்டுமே சார்ஜ் ஏறும்' என்று பெட்டியின் மேல் அச்சிட வேண்டும். தங்கள் நாளிதழில் இத்தகைய கருவிகளை மதிப்பிட்டு எழுதுவோரும், பெட்டியில் வரும் கேபிளோடு நின்றுவிடாமல், இரு முனையும் டைப்-சி உள்ள கேபிளிலும் சார்ஜ் ஏறுகிறதா என்று பார்த்து அதை ஒரு வரியில் குறிப்பிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்க்கும் வாசகர்