ஃபாடோவோடு நின்றுவிட வேண்டாம்

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் ஃபாடோ என்ற போர்த்துக்கேயப் பாட்டு வகையைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு தரம் வாசித்தேன். லிஸ்பனின் அல்ஃபாமா, மொராரியா ஒழுங்கைகள், ஃபாடோ பாடகி அமாலியா ரொட்ரிகஸின் குரல், 2011இல் யுனெஸ்கோ தந்த அங்கீகாரம் எல்லாம் நன்றாக வந்திருந்தன. ஆனால் புலம்பெயர்ந்த போர்த்துக்கேயரின் பண்பாட்டைக் காப்பாற்றி வைத்திருப்பது ஃபாடோதான் என்று கட்டுரை முடித்ததை என்னால் ஏற்க முடியவில்லை.

ரொறொன்ரோவில் டண்டாஸ் மேற்கு வீதிக்குப் பக்கத்தில் பதினெட்டு வருடமாக இருக்கிறேன். இங்குள்ள போர்த்துக்கேயரில் பெரும்பாலோர் லிஸ்பன்காரர் இல்லை. அட்லாண்டிக் நடுவிலுள்ள அசோரஸ் தீவுகளைச் சேர்ந்தவர்கள், அதிலும் சாவ் மிகெல் தீவுக்காரர் அதிகம். 1953 மே 13இல் சட்டூர்னியா கப்பல் முதல் தொகுதி ஆட்களைக் கனடாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்தில் இறக்கியது. அதற்குப் பின்னால் பண்ணை வேலைக்கும் ரயில் பாதை வேலைக்கும், அப்புறம் கட்டட வேலைக்கும் வந்து சேர்ந்த சனம் இது. ஃபாடோ நகரத்துப் பாட்டு. ஒருவர் பாட மற்றவர்கள் மூச்சுவிடாமல் கேட்பார்கள். அசோரஸ் கிராமங்களுக்கு நெருக்கமானது ஃபிலார்மோனிக்கா என்ற ஊர் பாண்ட். அதில் கேட்பவரைவிட வாசிப்பவர்தான் முக்கியம்.

பக்கத்து வீட்டு ஐயா சீமெந்து வேலை செய்து முழங்கால் தேய்ந்தவர். வியாழன் பின்னேரமானால் கிளாரினெட் பெட்டியைத் தூக்கிக்கொண்டு படியிறங்குவார். கூடவே பத்து வயதுப் பேரன், ட்ரம்பெட்டோடு. ஒருநாள் நானும் போனேன். தேவாலயத்தின் பேஸ்மென்ட், மடக்குக் கதிரைகள், அறுபது வயதும் பத்து வயதும் ஒரே வரிசையில். பேரன் ஒரு இடத்தில் பிழைவிட்டான். "இன்னொருக்கா, முதலிலிருந்து" என்று மாஸ்டர் போர்த்துக்கேயத்தில்தான் சொன்னார். வீட்டில் தாத்தா கேட்பதற்கெல்லாம் ஆங்கிலத்தில் பதில் சொல்கிற பெடியன், "சரி மாஸ்டர்" என்று அந்த மொழியிலேயே சொன்னான். ஈஸ்டருக்குப் பின் ஐந்தாம் ஞாயிறு புனித மரியாள் தேவாலயத்திலிருந்து புறப்படும் சாந்து கிறிஸ்து (புனித கிறிஸ்து) ஊர்வலத்தில் அவனைத் திரும்பப் பார்த்தேன். சீருடைத் தொப்பி கண்வரைக்கும் இறங்கியிருந்தது. தாத்தா இரண்டு வரிசை தள்ளி, நொண்டிக்கொண்டே, தாளம் தப்பாமல் வந்தார்.

பாடகி நெல்லி ஃபுர்டாடோவின் பெற்றோரும் சாவ் மிகெல்காரர்தான். அவர் முதன்முதலில் பாடியது நான்கு வயதில், போர்த்துக்கல் நாளன்று, தேவாலயத்தில், தாயோடு சேர்ந்து. உலகப் புகழெல்லாம் பிறகு வந்தது.

வியோலா த தெர்ரா என்ற அசோரஸ் கிட்டாரையும் சொல்ல வேண்டும். சாதாரண கிட்டாரில் வட்டத் துளை இருக்கும் இடத்தில் இதற்கு இரண்டு இதய வடிவத் துளைகள். ஒன்று புலம்பெயர்ந்து போனவருடையது, மற்றது தீவில் நின்றவருடையது என்பார்கள். ஐயா வீட்டுச் சுவரில் ஒன்று தொங்குகிறது. தந்திகளில் பாதி இல்லை, ஆனாலும் தூசி படிய விடமாட்டார்.

எனக்கு இதில் இவ்வளவு பிடிப்பு வரக் காரணம், நான் மட்டக்களப்புக்காரி. எங்கள் ஊர்ப் பறங்கியர் போர்த்துக்கேய வழி வந்தவர்கள். 1638இல் மட்டக்களப்புக் கோட்டை போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்குப் போய் 380 ஆண்டுக்கு மேலாகிறது. அவர்கள் வீட்டில் இன்று தமிழ்தான் பேச்சு, போர்த்துக்கேயம் கலந்த பழைய கிரியோல் பேச்சு முதியவர்களோடு தேய்ந்துகொண்டிருக்கிறது. ஆனால் கலியாண வீட்டில் வயலின் தொடங்கினால் சோடி சோடியாகக் கஃப்ரிஞ்ஞா என்ற ஆட்டத்துக்கு இறங்கிவிடுவார்கள். என் பள்ளித் தோழியின் அக்கா கலியாணத்தில், பாட்டின் பொருள் தெரியுமா என்று அவளைக் கேட்டேன். "முழுக்கத் தெரியாது, ஆனா எந்த இடத்தில திரும்பணும் என்று கால் சொல்லும்" என்றாள். அவர்களிடையே தனியாக ஒரு பெரிய பாடகர் இருந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை. எல்லாரும் ஆடியதால்தான் அது இத்தனை தலைமுறை வந்தது.

ஆகவே ஃபிலார்மோனிக்காவைப் பற்றியும் ராஞ்சோ என்ற கிராமிய ஆட்டக் குழுக்களைப் பற்றியும் ஒரு கட்டுரை போடுங்கள். உங்கள் கட்டுரையாளர் இந்தப் பக்கம் வந்தால் வியாழன் பின்னேரமாகப் பார்த்து வரட்டும். ஒத்திகைக்கு நானே கூட்டிப்போகிறேன், ஐயாவிடம் இப்போதே சொல்லி வைத்துவிட்டேன்.

அன்புடன்,
மட்டக்களப்பு வாசகி, ரொறொன்ரோ