மூஸ் சிற்றூரிலிருந்து

அன்புத் தோழிக்கு,

மகள் வீட்டுக்குப் புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னால் உன் கடிதம் வந்தது. உன் கணவர், நான் அண்ணன் என்றே கூப்பிடும் அவர், காலமானபிறகு நீ எழுதிய முதல் கடிதம். பதில் எழுத உட்கார்ந்தேன், ஒன்றும் வரவில்லை. "பிள்ளைகளோடு பறவை பார்க்கப் போகும் சனிக்கிழமை நடைகளை நிறுத்திவிடலாம் என்றிருக்கிறேன், அவர் இல்லாமல் பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்லிக்கொடுக்கப்போகிறேன்" என்று எழுதியிருந்தாயே, அந்த வரியோடுதான் விமானம் ஏறினேன்.

என் செய்திகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். முழங்கால் தேவலை. மகளும் பேரப்பிள்ளைகளும் நலம். போன வாரம் எல்லோருமாக அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்துக்குப் போனோம். பிள்ளைகளுக்குக் கரடி பார்க்க ஆசை. எனக்கு ஒரு வீட்டைப் பார்க்க ஆசை. டீட்டன் மலைகளின் அடியில், ஸ்நேக் ஆற்றை ஒட்டி, மூஸ் என்ற சிற்றூரில் மரத்தடிகளால் கட்டிய அந்த வீடு இருக்கிறது. காட்டையும் விலங்குகளையும் காக்கப் பாடுபட்ட ஓலாஸ் மியூரி, மார்டி மியூரி என்ற கணவன் மனைவி வாழ்ந்த இடம். அதன் முன்திண்ணையில் நின்றபோது உன் நினைவு வந்து தொண்டையை அடைத்தது. அதனால்தான் இந்த நீண்ட கடிதம்.

அவர்கள் திருமணமே விசித்திரமானது. 1924 ஆகஸ்டில், அலாஸ்காவின் யூக்கான் ஆற்றங்கரையில் ஆன்விக் என்ற ஊரில், விடியற்காலை மூன்று மணிக்கு நடந்தது. அந்த ஆண்டுதான் மார்டி அலாஸ்காவின் கல்லூரியில் பட்டம் பெற்ற முதல் பெண் ஆகியிருந்தார். ஓலாஸ் அரசாங்கத்துக்காகக் கரிபு மான்களை ஆராய்ந்துகொண்டிருந்தவர். தேனிலவு என்று தனியாக ஒன்று இல்லை. படகிலும், பிறகு நாய்கள் இழுக்கும் சறுக்குவண்டியிலும் 550 மைல் தூரம் கரிபுகளின் பின்னால் போனார்கள். இரண்டு ஆண்டு கழித்து, ஒரு வயது நிறையாத மூத்த மகனையும் படகில் ஏற்றிக்கொண்டு ஓல்டு க்ரோ ஆற்றில் வாத்துகளுக்கு வளையம் மாட்டப் புறப்பட்டார்கள். வழியில் மோட்டார் உடைந்துபோனது. கழி ஊன்றித்தான் படகைச் செலுத்தினார்கள். கொசுப் படலத்துக்கு நடுவே அந்தக் குழந்தையை வைத்துக்கொண்டு அவள் எப்படிச் சமாளித்தாள் என்று நினைத்துப் பார்க்கிறேன். (பார், 'அவள்' என்றே எழுதிவிட்டேன். அவ்வளவு நெருக்கமாகிவிட்டார்.)

1927-இல் வயோமிங்குக்கு வந்தார்கள். இங்கே எல்க் மான்கள் கூட்டமாகச் செத்துக்கொண்டிருந்தன. காரணம் கண்டுபிடிக்கும் வேலை ஓலாஸுக்கு. அவர் இறந்த மான்களின் வாயைத் திறந்து பார்த்தார். குளிர்காலத்தில் போட்ட வைக்கோலில் கூரான புல் ஊசிகள் கலந்திருந்தன. அவை வாயைக் கீறி, கீறலில் கிருமி புகுந்து, புண்ணாகி மான்கள் மடிந்தன. பசிக்குப் போட்ட தீனியே நோய்க்கு வழி திறந்திருக்கிறது. கயோட்டி விஷயத்திலும் அப்படித்தான். ஓநாய்க்குச் சிறிய உறவான அந்த விலங்கு எதைத் தின்கிறது என்று அதன் எச்சங்களைச் சேகரித்துப் பிரித்துப் பார்த்து, நஞ்சு வைத்துக் கொல்லும் அளவுக்கு அது கெடுதல் செய்யவில்லை என்று அறிக்கை கொடுத்தார். அப்போது நஞ்சு வைப்பது அவருடைய சொந்தத் துறையின் கொள்கை. எனக்கு ஓலாஸைப் பிடித்துப்போனது இந்த இடத்தில்தான்.

1945-இல் அரசு வேலையை விட்டு, காட்டுநிலங்களைக் காக்கப் பாடுபடும் வில்டர்னஸ் சொசைட்டி என்ற அமைப்பின் இயக்குநரானார். தலைநகருக்குக் குடிபெயர மாட்டேன் என்பது அவர் போட்ட நிபந்தனை. ஆகவே மூஸிலிருந்த அந்த வீடே அலுவலகமானது. கடிதங்களைத் தட்டச்சு செய்தது மார்டி, வருகிறவர்களுக்குத் தேநீரும் பிஸ்கட்டும் கொடுத்தது மார்டி, திண்ணையில் உட்காரவைத்துப் பேச்சை வளர்த்ததும் மார்டி. இதையெல்லாம் 'கணவருக்கு உறுதுணை' என்று இரண்டு சொல்லில் முடித்துவிடுகிறவர்கள் மீது எனக்குக் கோபம் வருகிறது.

1956 கோடையில் இருவரும் அலாஸ்காவின் வடகோடிக்கு, ஷீன்ஜெக் ஆற்றுக்குப் போனார்கள். ஓலாஸுக்கு அப்போது 67 வயது. கூட வந்த இளைஞர்களில் ஜார்ஜ் ஷாலரும் ஒருவர். பின்னாளில் மத்தியப் பிரதேசத்தின் கான்ஹா காட்டுக்கு வந்து நம் புலிகளை ஆராய்ந்தாரே, அவர்தான். செடி செடியாக, பறவை பறவையாகக் குறித்துக்கொண்டார்கள். ஊர் திரும்பி, பார்த்ததைக் கேட்பவர்களிடமெல்லாம் சொன்னார்கள். 1960 டிசம்பரில் அந்தப் பகுதியில் சுமார் 89 லட்சம் ஏக்கர் வனவிலங்குக் காப்பிடமாக அறிவிக்கப்பட்டது.

இனி நான் சொல்ல வந்ததைச் சொல்கிறேன். 1963 அக்டோபரில் ஓலாஸ் இறந்தார். மார்டிக்கு வயது 61. அவர்கள் இருவரும் பல ஆண்டுகள் பாடுபட்ட, காட்டுநிலங்களை அப்படியே விட்டுவைக்கும் வில்டர்னஸ் சட்டம் 1964 செப்டம்பரில்தான் கையெழுத்தானது. அந்தச் சட்டத்தை எழுதிய ஹவர்ட் ஸானிசரும் அதே ஆண்டு மே மாதம் போய்விட்டார். வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் அதிபர் ஜான்சன் கையெழுத்திட்டபோது, அருகில் நின்றவர்களில் அந்த இருவரின் மனைவியரும் இருந்தார்கள்.

அதோடு மார்டி வீட்டுக்குள் அடைந்திருக்கலாம். ஒருவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் 1967-இல் டெட் மேஜர், ஜோன் மேஜர் என்ற தம்பதி பக்கத்திலேயே டீட்டன் அறிவியல் பள்ளியைத் தொடங்கியபோது மார்டி அவர்களுக்குத் துணை நின்றார். பிள்ளைகளை வகுப்பறையிலிருந்து காட்டுக்கு அழைத்துப்போகும் பள்ளி அது. ஓலாஸ் சேர்த்துவைத்த விலங்குக் கால்தட அச்சுகள் இப்போது அங்கேதான் இருக்கின்றன. 1975-இல் அலாஸ்காவில் எந்தெந்த நிலங்களைக் காக்க வேண்டும் என்று பார்த்துவரப் போனார். அந்த நிலங்களுக்கான சட்டம் குறித்து விசாரணை நடந்தபோது, உணர்ச்சியோடு பேசும் ஒரு பெண்ணாகவே சாட்சி சொல்வதாகக் கூறிவிட்டு, உணர்ச்சியில் என்ன தவறு என்றும் கேட்டார். 1980-இல் அந்தச் சட்டம் நிறைவேறி 10 கோடி ஏக்கருக்கு மேல் காக்கப்பட்டது. ஓலாஸ் இல்லாமல் அவர் வாழ்ந்தது 40 ஆண்டுகள். 101 வயதில், 2003-இல் இறந்தார்.

உன்னை மார்டி ஆகச் சொல்லவில்லை. நீ மறந்துபோன ஒன்றை நினைவூட்டுகிறேன், அவ்வளவுதான். ஏரிக்கரையில் அண்ணன் பறவையின் பெயரைச் சொல்வார். பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொள்வார்கள். அதற்கு முன்னால், பெயரே சொல்லாமல் பத்து நிமிடம் அவர்களைச் சும்மா உட்காரவைத்தது யார்? என் வகுப்பில் ஒரு நொடி அடங்காத பையன் உன் பக்கத்தில் உட்கார்ந்து நாரையின் காலையே பார்த்துக்கொண்டிருந்ததை நான் கண்ணால் பார்த்தேன். அந்தப் பாடத்தை அண்ணன் நடத்தவில்லை. அவரே என்னிடம் ஒருமுறை, "நான் வெறும் அகராதி, பிள்ளைகள் வருவது அவளுக்காக" என்றார். உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

பெயர்கள் தெரியாமல் போனால் போகட்டும். அவருடைய நோட்டுகள் இருக்கின்றன, பிள்ளைகளே தேடட்டும். கால்தட அச்சு எடுப்பதை நான் சொல்லித்தருகிறேன். தடத்தைச் சுற்றி அட்டையால் ஒரு வளையம் ஊன்றி, பிளாஸ்டர் ஆஃப் பாரிஸைத் தோசை மாவுப் பதத்தில் கரைத்து மெல்ல ஊற்ற வேண்டும். அரைமணி நேரம் விட்டுவிட்டு எடுத்துக் கழுவினால் விரல், நகம் எல்லாம் தெரியும். நம் ஏரிச் சேற்றில் கீரித் தடமாவது கிடைக்காமலா போகும்?

அடுத்த மாதம் திரும்புகிறேன். வந்து முதல் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு உன் வாசலில் நிற்பேன். பிளாஸ்டர் நான் வாங்கி வருகிறேன், பழைய வாளி ஒன்று மட்டும் எடுத்துவை. அண்ணனின் பைனாகுலரை அதற்குள் யாருக்கும் கொடுத்துவிடாதே.

என்றும் அன்புடன்,
உன் பழைய தோழி