கீரையைக் கப்பில் அளக்கும் சமையல் குறிப்புகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தங்கள் ஞாயிறு இணைப்பின் சமையல் பக்கத்தில் அண்மையில் வந்த லெட்யூஸ் சாலட் குறிப்பில், நான்கு கப் இலைக்கு மூன்று மேசைக்கரண்டி எண்ணெய், ஒன்றரை மேசைக்கரண்டி எலுமிச்சைச் சாறு, அரைத் தேக்கரண்டி உப்பு என்று அளவு தரப்பட்டிருந்தது. அதே அளவில் நான் செய்தபோது இலையெல்லாம் எண்ணெயில் தொய்ந்து, உப்புக் கரித்தது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் இருக்கும் என் நாத்தனாரோ அதையே செய்து, உப்பும் புளிப்பும் சரியாக இருந்ததாகச் சொன்னார். இருவரும் மறுபடி நான்கு கப் இலை எடுத்துத் தராசில் வைத்துப் பார்த்தோம். நான் இலையைக் கிள்ளிப் போட்டபடியே விட்டிருந்தேன். 140 கிராம் இருந்தது. அவர் ஒவ்வொரு கப்பையும் உள்ளங்கையால் அழுத்தி நிரப்பியிருந்தார், 230 கிராம்.

அரிசியையும் பருப்பையும் படியிலும் ஆழாக்கிலும் தலை தட்டி அளந்த நம் பெரியவர்கள், கீரையைக் கட்டாக வாங்கிக் கைப்பிடியாகத்தான் போட்டார்கள். அரிசி மணிகள் ஒன்றோடொன்று படிந்து அமர்வதால் யார் அளந்தாலும் பெரிய வித்தியாசம் வராது. இலைகளுக்கு நடுவிலோ காற்றே அதிகம். எவ்வளவு பொடியாகக் கிள்ளினோம், எவ்வளவு அழுத்தினோம் என்பதைப் பொறுத்து எடை மாறிவிடுகிறது.

இலையின் வகையும் சேர்ந்தால் குழப்பம் இன்னும் கூடும். 240 மில்லி கப்பை அழுத்தாமல் நிரப்பினால் ருக்கோலா என்னும் காரச் சுவையுள்ள சாலட் இலை ஏறக்குறைய 20 கிராம், பாலக்கின் இளந்தளிர் 30 கிராம், மெல்லிய இலை லெட்யூஸ் 35 கிராம் பிடிக்கும். முட்டைக்கோஸ் போல உருண்டிருக்கும் ஐஸ்பெர்க் லெட்யூஸை நறுக்கிப் போட்டால் 70 கிராமைத் தொடும். ஆக 100 கிராம் என்பது ருக்கோலாவில் ஐந்து கப், ஐஸ்பெர்க்கில் ஒன்றரைக் கப்புக்குச் சற்றுக் குறைவு. பெரிய மார்க்கெட்டில் கிடைத்த இலையை வாங்கி, இதற்குப் பதில் அது என்று மாற்றிப் போடும் என்னைப் போன்றவர்களுக்குக் கப் கணக்கு எப்படி உதவும்? வேகவைக்கும் கீரையிலும் இதே சிக்கல்தான்: வெந்த பாலக் ஒரு கப் சுமார் 180 கிராம், அதற்குப் பச்சையாகப் பல கப் வேண்டும்.

பிரெஞ்சுச் சமையல் குறிப்புகளில் கிராம் கணக்கே வழக்கம் என்பதால், புதுச்சேரி வாசகர்களுக்கு அது புதிதும் அல்ல. எனவே இலை வகைகளுக்கு, வேரும் தண்டும் நீக்கி, அலசி, துணியில் ஒற்றி ஈரம் போக்கிய பின் உள்ள எடையைக் கிராமில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். நனைந்த இலையை நிறுத்தால் தண்ணீரும் சேர்ந்து எடை கூடிவிடும். கப் அளவையும் தருவதானால் அது எத்தனை மில்லி, இலையை அழுத்த வேண்டுமா வேண்டாமா என்று ஒரு சொல் சேர்த்தால் போதும். தராசு இல்லாத வீட்டிலும் சமாளிக்கலாம். பாக்கெட்டில் வரும் இலைக்கு நிகர எடை அச்சிட்டே இருப்பதால், 200 கிராம் பாக்கெட்டில் பாதி என்று கண்ணளவாகப் பிரித்துக்கொள்ளலாம்.

அந்த லெட்யூஸ் குறிப்பை எழுதியவர் நான்கு கப் என்று எத்தனை கிராமை எண்ணி எழுதினார் என்பதைக் கேட்டு வெளியிட்டால், மீண்டும் செய்து பார்க்க ஆவலாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.