எச்சரிக்கையோடு நேரத்தையும் போடுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தினமும் இடி மழை என்றே சொல்லும் வானிலைத் துறைக்கு, எந்தத் தாமானில் (குடியிருப்புப் பகுதியில்) பெய்யும் என்று மட்டும் சொல்லத் தெரியவில்லை என ஞாயிறு இதழில் ஒரு வாசகர் சாடியிருந்தார். நான் கோலாலம்பூரில் கல்யாணத்துக்கும் கோயில் விசேஷத்துக்கும் கெனோப்பி, அதாவது இரும்புக் கால் வைத்த துணிப் பந்தல், போடும் தொழில் செய்கிறேன். மழை வந்தால் அவரைவிட எனக்குத்தான் நட்டம். ஆனாலும் அவர் கேட்பது நடக்கிற காரியமில்லை.

மார்ச் கடைசியிலிருந்து மே வரையிலும், அப்புறம் அக்டோபர், நவம்பரிலும் நம் பக்கம் மேகம் கட்டுவது பெரும்பாலும் பிற்பகலில்தான். வெயிலில் தரை சூடேறும், கடற்காற்று உள்ளே வரும், கிழக்கே தித்திவாங்சா மலை அதை மேலே தள்ளும். ஓர் இடிமேகத்தின் அகலம் சில கிலோமீட்டர், ஆயுள் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம். செந்தூலில் கொட்டும்போது செராஸில் வெயிலடிப்பது இதனால்தான். இன்னும் பிறக்காத மேகத்துக்குக் காலையிலேயே விலாசம் கேட்டால் யார் சொல்வார்? காற்றில் ஈரம் எவ்வளவு, மேலே குளிர் எவ்வளவு என்று பார்த்து ஒரு பெரிய வட்டாரத்துக்குப் பொதுவாகத்தான் சொல்ல முடியும். சுமத்ரா பக்கமிருந்து விடியற்காலையில் வரிசை கட்டி வரும் புயல்மழை வேறு ரகம். அது நகர்ந்து வருவது ரேடாரில் முன்கூட்டியே தெரியும்.

அமெரிக்காவிலும் இதே கதைதான். ஓக்லஹோமாவின் நார்மன் நகரில் உள்ள புயல் முன்னறிவிப்பு மையம், நாடு முழுவதற்கும் வரைபடம் போட்டு, ஓர் இடத்தைச் சுற்றி 25 மைலுக்குள், அதாவது 40 கிலோமீட்டருக்குள், ஓர் அங்குலமோ அதற்கு மேலோ உள்ள ஆலங்கட்டி விழ எத்தனை விழுக்காடு வாய்ப்பு என்று சொல்கிறது. 15 விழுக்காடு என்றாலே அங்கே கவனிக்க வேண்டிய எண். தெருப் பெயரை அவர்களும் சொல்வதில்லை. மேகம் கட்டிய பிறகுதான் ரேடாரைப் பார்த்து எல்லையைக் குறுக்குகிறார்கள். அங்கே உயரத்துக்கு உயரம் காற்றின் வேகமும் திசையும் மாறுவதால் மேகம் மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும், ஆலங்கட்டியும் உள்ளேயே சுழன்று பெரிதாகும். 2010இல் தெற்கு டகோட்டாவில் 8 அங்குல விட்டத்தில் ஒன்று விழுந்தது. நமக்கு மேல்காற்று பலவீனம், நீர் உறையும் குளிரோ ஏறக்குறைய 5 கிலோமீட்டர் உயரத்தில்தான். அதனால் ஆலங்கட்டி விழும் வழியிலேயே பெரும்பாலும் கரைந்துவிடும். கிள்ளான் பள்ளத்தாக்கில் எப்போதாவது நாலு கட்டி விழுந்தால் காணொளி பரபரப்பதும் அதனால்தான்.

என் குறை வேறு. மெட்மலேசியா எனும் நம் வானிலைத் துறை, மணிக்கு 20 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டும் இடி மழை நெருங்கும்போதோ, ஒரு மணி நேரத்துக்கு மேல் நீடிக்கும் என்று தெரியும்போதோ எச்சரிக்கை விடுகிறது. ஒவ்வொன்றுக்கும் ஆறு மணி நேரத்துக்கு மேல் ஆயுள் கிடையாது. எந்தெந்த மாவட்டம், எத்தனை மணி வரை என்று அதிலேயே இருக்கும். தமிழில் நம் கைக்கு வரும்போது மாவட்டமும் போய்விடுகிறது, மணியும் போய்விடுகிறது. மிஞ்சுவது "சிலாங்கூரில் இடி மழை" என்ற தலைப்பும் மின்னல் படமும். அதுவே மறுநாளும் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) சுற்றுகிறது. அப்புறம் எச்சரிக்கை பொய்த்துவிட்டது என்று துறையைத் திட்டுகிறோம்.

எங்கள் தொழிலில் அந்த மணிக்கணக்குதான் முக்கியம். வாடிக்கையாளர்கள் மழையைத்தான் பார்ப்பார்கள், நாங்கள் காற்றைப் பார்ப்போம். முதல் துளி விழுமுன்பே இடிமேகத்திலிருந்து குளிர்காற்று இறங்கித் தரையோடு பாயும். பக்கத்துணி கட்டிய கெனோப்பியை அது அடியோடு தூக்கும். மழை பிடித்த பின் கூரைத்துணி தொய்ந்து குளம் மாதிரி தண்ணீர் நிற்கும், விளக்குமாற்றுக் கட்டையால் கீழிருந்து முட்டித் தள்ளாவிட்டால் கம்பி வளைந்துவிடும். அரை மணி முன்னால் தெரிந்தால் போதும். பக்கத்துணியை அவிழ்த்து, கயிற்றை இறுக்கி, இரும்புக் காலருகே யாரும் நிற்காமல் பார்த்துக்கொள்வோம். 2024 மே 7இல் ஜாலான் சுல்தான் இஸ்மாயிலில் பட்டப்பகலில் மரம் சாய்ந்து உயிர் போனதைப் பார்த்த நகரம் இது. காற்றை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது.

மெட்மலேசியாவின் மைச்சுவாச்சா (myCuaca) செயலி இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது, நான் பார்க்கிறேன். என்னிடம் வேலை செய்யும் பெரியவர்கள் தமிழ்ச் செய்தியைத்தான் நம்புகிறார்கள். ஆகவே இனி உங்கள் முகநூல் பக்கத்தில் இடி மழை எச்சரிக்கை போடும்போது, முதல் வரியிலேயே மாவட்டத்தின் பெயரும் முடியும் நேரமும் வரட்டும். நேரம் கடந்ததும் அந்தப் பதிவை எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கெனோப்பிக்காரர்,
செந்தூல், கோலாலம்பூர்